மண்ணின் வில்லங்கச் சான்று எங்கே?

படூரிலே மனை வாங்க வருகிறவர் முதலில் பத்திரத்தைக் கேட்கிறார். அடுத்துப் பட்டாவைக் கேட்கிறார். விவரம் தெரிந்தவராயிருந்தால் 30 ஆண்டுக்கு வில்லங்கம் போட்டுப் பார்க்கிறார். எவன் அடகு வைத்தான், எவன் மீட்டான், எந்த அண்ணன் தம்பி எப்போது பாகம் பிரித்துக்கொண்டார்கள், எந்த வங்கியிலே கடன் நிற்கிறது என்பதெல்லாம் அந்தத் தாளிலே வந்துவிடுகிறது. கட்டணத்தைக் கட்டினால் கையிலே கொடுத்துவிடுகிறார்கள். நல்ல ஏற்பாடுதான், நாம் குறை சொல்லவில்லை.

வாங்கியவர் அடுத்த வாரமே மண் அள்ளும் எந்திரத்தைக் கொண்டுவந்து நிறுத்துகிறார். மேல்மண் ஒரு முழத்துக்கு வழித்தெடுக்கப்படுகிறது. லாரி லாரியாகப் போகிறது. எங்கிருந்தோ வந்த சவுடு கொட்டப்பட்டு மேடாகிறது. மேட்டின்மேல் மாடிகள் எழுகின்றன. வழித்தெடுக்கப்பட்ட அந்த ஒரு முழ மண் எங்கே போயிற்று என்று எவரும் கேட்பதில்லை. மண்தானே!

தோழர்களே, அந்த ஒரு முழ மண்ணிலே 70 ஆண்டுக் கணக்கு எழுதப்பட்டிருந்தது. எழுதியவர்கள் அமெரிக்கன், ருஷ்யன், பிரிட்டிஷ்காரன், பிரெஞ்சுக்காரன், சீனன். எழுதப்பட்ட இடம் நம் ஏரி, நம் வயல், நம் மேய்க்கால். படிக்க வேண்டியவர்கள் நாம். படிக்கும் முன்பே ஏட்டைக் கிழித்துக் குப்பையிலே போட்டுக்கொண்டிருக்கிறோம். இதைப் பற்றித்தான் இன்று எழுதுகிறோம்.

1945 ஜூலையிலே அமெரிக்கா தன் பாலைவனத்தில் முதல் அணுகுண்டை வெடித்தது. அன்று தொடங்கி, 1980 அக்டோபரிலே சீனா கடைசியாக வெடித்தது வரையில், பூமிக்கு மேலே திறந்த வெளியிலே வெடிக்கப்பட்ட அணுகுண்டுகள் 500க்கும் மேல். சோதனை என்று பெயர். யாருக்குச் சோதனை? 1961 அக்டோபர் 30ஆம் நாள் ருஷ்யா வடகடல் தீவொன்றின்மேல் வெடித்தது 50 மெகாடன். அதாவது 5 கோடி டன் வெடிமருந்தைக் குவித்து வைத்துக் கொளுத்தியதற்குச் சமம். அந்தப் புகையும் தூளும் வான்முகட்டுக்குப் போய், காற்றோடு உலகைச் சுற்றி, மாதக்கணக்கிலும் ஆண்டுக்கணக்கிலும் மெல்ல மெல்ல இறங்கின. பெரும்பகுதியை மழைதான் இறக்கியது. மழைக்கு வல்லரசு தெரியாது, அணிசேரா நாடு தெரியாது. நியாயமாகச் சொல்ல வேண்டியதையும் சொல்லிவிடுகிறோம்: இந்தத் தூசி வடகோளத்தின் நடுப்பகுதியிலேதான் அதிகம் விழுந்தது, நம்மைப்போல் நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்திலே இருப்பவர்களுக்குக் குறைவு. குறைவு என்றால் இல்லை என்று பொருளல்ல.

தூசி என்றால் என்னவென்று முதலில் உலகுக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் விஞ்ஞானிகள் அல்லர், மீனவர்கள். 1954 மார்ச் 1ஆம் நாள் பசிபிக் கடலிலே பிகினித் தீவில் அமெரிக்கா வெடித்த குண்டு, எதிர்பார்த்ததைவிட மிகவும் வலுத்து 15 மெகாடனாயிற்று. தடை செய்யப்பட்ட எல்லைக்கு வெளியே வலை போட்டுக்கொண்டிருந்தது ஜப்பானின் யைசு துறைமுகத்துப் படகு ஒன்று. ‘அதிர்ஷ்டம்’ என்ற சொல் அதன் பெயரிலேயே இருந்தது. பெயர் வைத்தவர் வாழ்க! 23 பேர் அதிலே. மேற்கே விடியாத நேரத்திலே ஒரு சூரியன் எழுந்தது. பிறகு மணிக்கணக்கிலே வெள்ளைச் சாம்பல் பொழிந்தது. தலையிலும் தோளிலும் தட்டிவிட்டு வலையை இழுத்தார்கள். கரை சேர்வதற்குள் தோல் கருகியது, முடி கொட்டியது. வானொலி இயக்குபவரான குபோயாமா அந்த ஆண்டு செப்டம்பர் 23இலே இறந்தார். நம் கோவளத்திலே, கொக்கிலமேட்டிலே, சதுரங்கப்பட்டினத்திலே விடியலுக்கு முன் படகு தள்ளுகிறானே, அவனைப் போன்ற ஒருவன்தான் அவன்.

அந்தச் செய்தி வந்த அடுத்த மாதமே, சோதனைகளை நிறுத்துங்கள் என்று நேரு குரல் கொடுத்தார். டில்லியோடு நமக்கு ஆயிரம் வழக்கு உண்டு; இதிலே அவர் சொன்னது சரி. அணுவெடிப்பின் விளைவுகளைப் பற்றி விஞ்ஞானி கோத்தாரியைக் கொண்டு நூல் எழுதச் செய்து 1956இலே வெளியிட்டார்கள். நம் இயக்கம் மேடைக்கு மேடை எதிர்த்து நின்ற ராஜாஜி, 83 வயதிலே, 1962இல் வாஷிங்டன் போய்க் கென்னடியிடம் நேருக்கு நேர் பேசினார். எதிரி செய்தாலும் நல்லது நல்லதுதான். 1963இலே அமெரிக்காவும் ருஷ்யாவும் பிரிட்டனும் திறந்தவெளிச் சோதனையை நிறுத்த ஒப்பந்தம் செய்தன, இந்தியாவும் கையெழுத்திட்டது. பிரான்சும் சீனாவும் கையெழுத்திடாமல் பின்னும் பல ஆண்டுகள் வெடித்துத் தீர்த்தன.

வெடித்தது நின்றது, விழுந்தது போய்விடவில்லை. அதிலே பல சரக்குகள் சில நாளிலும் சில மாதத்திலும் அடங்கிவிடும். நின்றுவிட்டவற்றிலே இரண்டின் பெயரை நாம் நினைவில் வைத்துக்கொண்டால் போதும். ஒன்று சீசியம் 137. மற்றொன்று ஸ்ட்ரான்ஷியம் 90. சீசியத்தின் அரை ஆயுள் 30 ஆண்டு; மற்றதும் ஏறத்தாழ அதுவே. அரை ஆயுள் என்பதைக் கடன்காரன் கணக்கிலே சொல்கிறோம். 1963இலே 100 ரூபாய்க் கடன் என்றால் 1993இலே 50 ரூபாய் நிற்கும். 2023இலே 25 ரூபாய் நிற்கும். 2053இலும் பன்னிரண்டரை ரூபாய் நிற்கும். வட்டி ஏறாத ஒரே கடன் இதுதான்; ஆனால் நாம் வாங்காத கடன்! அந்த மனைக்காரர் 30 ஆண்டுக்கு வில்லங்கம் பார்த்தாரே, அந்த 30 ஆண்டிலே மண்ணின் இந்த வில்லங்கம் பாதிதான் தீர்ந்திருக்கும்.

சீசியம் மண்ணிலே விழுந்ததும் களிமண்ணின் மடிப்புகளிலே போய் ஒட்டிக்கொள்கிறது. ஒட்டினால் எளிதில் விடுவதில்லை. உழாத, வெட்டாத நிலமாக இருந்தால் பத்தாண்டுகள் பல கழிந்தும் மேலே ஒரு சாணுக்குள்ளேயே பெரும்பாலும் நிற்கிறது. மழை அரித்த மண்ணோடு ஓடினால் ஏரிக்குப் போய் வண்டலிலே அடுக்கடுக்காகப் படிகிறது. கலையாத ஏரி வண்டலைக் குழாய் இறக்கி எடுத்துப் பார்த்தால், 1963ஐ ஒட்டிய அடுக்கிலே சீசியம் உச்சத்துக்குப் போவதைக் காணலாம். உலகெங்கும் வண்டலின் வயதைக் கணிக்க அந்த உச்சத்தைத்தான் அடையாளக் கல்லாக வைத்திருக்கிறார்கள். கல்வெட்டு என்றால் கோயில் சுவரிலேதானா இருக்க வேண்டும்? நம் ஏரியின் அடியிலே இருப்பதும் கல்வெட்டுத்தான்.

செடிக்குச் சீசியத்துக்கும் பொட்டாசியத்துக்கும் வேறுபாடு சரியாகத் தெரியாது. உரம் என்று எண்ணி உறிஞ்சிவிடும். உடம்புக்கு ஸ்ட்ரான்ஷியத்துக்கும் சுண்ணத்துக்கும் வேறுபாடு தெரியாது. புல்லிலிருந்து பசுவுக்கு, பாலிலிருந்து பிள்ளைக்கு, பிள்ளையின் எலும்புக்குப் போய்ச் சேர்ந்துவிடும். இதை நிரூபித்துக் காட்டியவர்கள் தாய்மார்கள். 1958இலே அமெரிக்காவின் செயின்ட் லூயி நகரத்திலே சில விஞ்ஞானிகளும் தாய்மார்களும் சேர்ந்து, குழந்தைகளுக்கு விழும் பால்பற்களைக் கேட்டு வாங்கத் தொடங்கினார்கள். பல் கொடுத்த பிள்ளைக்குச் சட்டையிலே குத்திக்கொள்ள ஒரு பொத்தான் பரிசு. பன்னிரண்டு ஆண்டுகளில் சேர்ந்தவை 3 லட்சத்துக்கும் மேற்பட்ட பற்கள்! குண்டுகள் பெருகப் பெருகப் பற்களிலே ஸ்ட்ரான்ஷியமும் பெருகியதை மருத்துவர் லூயிஸ் ரைஸ் என்ற அம்மையார் 1961இலே உலகுக்குக் காட்டினார். 1963 ஒப்பந்தத்தின் பின்னாலே தூதர்களின் பேனா மட்டுமல்ல, அந்தப் பால்பற்களும் இருந்தன. நம் ஊரிலே பல் விழுந்தால் கூரைமேல் எறிகிறோம். அவர்கள் எறியாமல் வைத்தார்கள். எடுத்து வைத்ததனால் எண்ண முடிந்தது.

குண்டுக் காலம் முடிந்துவிட்டதே, இப்போது எதற்கு இந்தப் பேச்சு என்று தோழர் சிலர் கேட்கலாம். படூரிலிருந்து தெற்கே பறவை பறக்கும் வழியிலே ஏறத்தாழ 28 கிலோமீட்டரில் கல்பாக்கம் இருக்கிறது. அதனால் கேட்கிறோம்.

அங்கே 1983இலும் 1985இலும் இரண்டு மின் உலைகள் உயிர்பெற்றன. 1985இலேயே ஒரு சோதனை ஈனுலை வந்தது. எரிந்த எரிபொருளைப் பிரித்தெடுக்கும் ஆலை வந்தது. 500 மெகாவாட் வேக ஈனுலை கட்டப்பட்டது. நாம் மின்சாரத்துக்கு எதிரியல்லர். விஞ்ஞானத்துக்கு எதிரியாக என்றும் இருந்ததில்லை. கல்பாக்கத்தில் பாடுபடும் பொறியாளனும் தொழிலாளியும் நம் வீட்டுப் பிள்ளைகள். உலையைச் சுற்றி வட்டங்கள் வரைந்திருக்கிறார்கள். முதல் வட்டம், ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர்: குடியிருப்புக் கூடாது. அடுத்தது 5 கிலோமீட்டர்: ஊர் பெருகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அடுத்தது 16 கிலோமீட்டர்: விபத்து நேர்ந்தால் என்ன செய்வது என்று திட்டம் வைத்திருக்க வேண்டும். கடைசி வட்டம் 30 கிலோமீட்டர்: மண், தண்ணீர், பால், மீன், கீரை ஆகியவற்றை எடுத்துச் சோதித்துக் கணக்கு வைக்க வேண்டும். படூர் இந்தக் கடைசி வட்டத்தின் விளிம்பிலே நிற்கிறது. ஆபத்துத் திட்டத்துக்கு வெளியே, அளவைக் கணக்குக்கு உள்ளே. ஆகவே படூர்க்காரனுக்கு இந்த ஏற்பாட்டில் உள்ள பங்கு ஒன்றே ஒன்று: அந்தக் கணக்கு. அதையும் அவன் கண்ணிலே காட்டாவிட்டால்?

கணக்கு எழுதப்படவில்லை என்று நாம் சொல்லவில்லை. உலை எரியத் தொடங்குமுன்பே, 1970களிலேயே, கல்பாக்கத்திலே சுற்றுச்சூழல் ஆய்வுக்கூடம் வைத்து அளக்கத் தொடங்கினார்கள். இதைப் பாராட்டுகிறோம், வரவு எழுதாமல் செலவு எழுத முடியாதல்லவா? உலைக்கு முன்பே மண்ணிலே எவ்வளவு குண்டுச் சீசியம் கிடந்தது என்று தெரிந்தால்தான், பின்னாலே எது வந்து சேர்ந்தது என்று சொல்ல முடியும். இந்தக் கடற்கரையிலே இன்னொரு சிக்கலும் உண்டு. கல்பாக்கத்து மணலிலே மோனசைட் என்ற கனிமம் திட்டுத் திட்டாகக் கிடக்கிறது, அதிலே தோரியம். ஆகவே இயற்கையாகவே சில இடங்களிலே கருவியின் முள் ஏறும். கருவியைக் கையில் பிடித்துக் கடற்கரையில் நின்றுகொண்டு, ‘ஐயோ, ஏறுகிறதே!’ என்று கூச்சலிடுவதும் தவறு. ‘எல்லாம் இயற்கை, போய்ப் படு’ என்று தட்டிக்கொடுப்பதும் தவறு.

எது எதுவென்று பிரித்துக் காட்ட வழி இருக்கிறது. ஒவ்வொரு சரக்கும் தன் தன் கையெழுத்தோடு கதிரை வீசுகிறது. இரும்புக் குழாயை மண்ணிலே அடித்து இறக்கி, எடுத்த மண்ணை இரண்டு விரற்கடை, இரண்டு விரற்கடையாக அறுத்து, உலர்த்தி, சலித்து, டப்பாவில் அடைத்து, ஈயச் சுவருக்குள் இருக்கும் ஜெர்மானியக் கருவிமேல் வைக்கிறார்கள். திரவ நைட்ரஜனால் குளிர வைக்கப்பட்ட அந்தக் கருவி, சில சமயம் ஒரு பகலும் இரவும் காத்திருந்து எண்ணுகிறது. ஒரு கிலோ மண்ணிலே வினாடிக்கு ஓர் அணு சிதைந்தால் அது 1 பெக்கரல். எந்த ஊர்ச் சாதாரண மண்ணிலும் இயற்கைப் பொட்டாசியமே கிலோவுக்குச் சில நூறு பெக்கரல் இருக்கும். உலகச் சராசரி 400 அளவு. குண்டுச் சீசியம் அதன் பக்கத்திலே மிகச் சிறியது. ஆயினும் அதன் கையெழுத்து தனி.

அதைவிடச் சிறந்த சாட்சி ஒன்று உண்டு: சீசியம் 134. இது குண்டிலிருந்து வருவதில்லை, உலையிலேதான் பிறக்கிறது. இதன் அரை ஆயுள் 2 ஆண்டு. மண்ணிலே 137 மட்டும் இருந்தால் பழைய கடன் என்று பொருள். 134உம் கூட இருந்தால் எங்கோ ஓர் உலை அண்மையிலே வாய் திறந்திருக்கிறது என்று பொருள். 1986இலே செர்னோபில் தூசியையும் 2011இலே புகுஷிமா தூசியையும் இந்த ஜோடியைக் கொண்டுதான் அடையாளம் கண்டார்கள். ஆனால் இந்தச் சாட்சிக்கு ஆயுள் குறைவு. பத்தாண்டு கழித்துக் கூப்பிட்டால் கூண்டிலே ஏற மாட்டான். ஆண்டுதோறும் அளக்க வேண்டும் என்று நாம் வற்புறுத்துவது பிடிவாதத்தினால் அல்ல, இந்தக் காரணத்தினால்.

சரி, அளந்தவை எங்கே இருக்கின்றன? அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் ஆண்டறிக்கையிலே சுருக்கமாக வருகின்றன. ஆங்கிலத்தில் உண்டு. இந்தியிலும் உண்டு! படூரிலே, தையூரிலே, திருப்போரூரிலே, புதுப்பட்டினத்திலே எத்தனை ஊராட்சிப் பலகைகளில், ‘இந்த ஆண்டு உங்கள் ஊர் மண்ணிலே இத்தனை பெக்கரல், சென்ற ஆண்டு இத்தனை’ என்று தமிழிலே எழுதிப் பார்த்தீர்கள்? தண்ணீர் வரி பாக்கியை மட்டும் தமிழிலே அழகாக எழுதத் தெரிகிறதே! மக்களுக்குச் சேரும் அளவு, அனுமதிக்கப்பட்ட ஆண்டுக்கு 1 மில்லிசீவெர்ட் என்ற எல்லையில் சிறு பகுதிதான் என்று அவர்கள் சொல்கிறார்கள். பொய் என்று சொல்ல நம்மிடம் ஆதாரம் இல்லை. ஆதாரமில்லாமல் சொல்வது நம் வழக்கமும் இல்லை. ஆனால் கண்ணுக்குத் தெரியாததை நம்பு என்று சொன்னவர்களிடம் ‘காட்டு’ என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அங்கே காட்ட ஒன்றுமில்லை. இங்கே காட்ட எண்கள் இருக்கின்றன. இருப்பதைக் காட்டுவதிலே என்ன தயக்கம்?

தயக்கத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1962ஆம் ஆண்டின் அணுசக்திச் சட்டத்திலே 18ஆம் பிரிவு, செய்திகளை வெளியிடாமல் தடுக்கும் அதிகாரத்தை டில்லிக்குக் கொடுத்தது. குண்டு ரகசியத்துக்குப் போட்ட திரை, கீரை ரகசியத்துக்கும் நிழல் கொடுத்தது. அந்த நிழலிலே வளர்ந்த பழக்கத்தின் விளைவு 2003 ஜனவரி 21இலே தெரிந்தது. கல்பாக்கத்து மறுசுத்திகரிப்பு ஆலையிலே ஒரு வால்வு பழுதாகி, கடுமையான கழிவு, லேசான கழிவுத் தொட்டிக்குள் வந்துவிட்டது. மாதிரி எடுக்கப்போனவர்களுக்கு அது தெரியாது. அந்த இடத்திலே அளந்து எச்சரிக்கும் கருவி இருக்கவில்லை. ஆறு தொழிலாளர்கள் அளவுக்கு மீறிய கதிர்வீச்சைப் பெற்றார்கள். நாட்டுக்குச் செய்தி பரவ மாதங்கள் பல ஆயின. ஊழியர் சங்கம் குரலெழுப்பியது அதற்கு ஒரு காரணம். கருவி இல்லாத இடத்திலே தொழிலாளியின் உடம்பே கருவியாகிறது. தொழிற்சங்கத் தோழர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அடுத்த ஆண்டு டிசம்பர் 26இலே கடல் எழுந்து உலையின் நீரேற்று நிலையத்துக்குள் புகுந்தது. ஓடிக்கொண்டிருந்த உலையைப் பத்திரமாக நிறுத்தினார்கள். நிறுத்திய கைகளுக்கு நன்றி. ஆறு ஆண்டுக்குப் பின் ஜப்பானிலே கடல் எழுந்தபோது அந்த நல்வாய்ப்புக் கிடைக்கவில்லை.

புகுஷிமாவிலே என்ன செய்தார்கள் தெரியுமா? வீட்டைச் சுற்றியும் வயலிலும் பள்ளிக்கூடத்திலும் மேல்மண்ணை ஐந்து சென்டிமீட்டர் வழித்தெடுத்து மூட்டை கட்டினார்கள். ஏறத்தாழ 1 கோடியே 40 லட்சம் கன மீட்டர்! 2045க்குள் அதை வேறு மாகாணத்துக்குக் கொண்டுபோய் முடிவாக அடக்க வேண்டும் என்று சட்டம் போட்டுவிட்டு, கொள்வார் யாரென்று தேடுகிறார்கள். அரசின் அளவை போதாது என்று கருதிய ஜப்பானியப் பொதுமக்கள், 17 மாகாணங்களிலே 3,000க்கும் மேற்பட்ட இடங்களிலே தாங்களே மண் எடுத்து, தாங்களே அளந்து, வரைபடமாகப் போட்டார்கள். உழவர், இல்லத்தரசி, ஆசிரியர், ஓய்வு பெற்றவர் எல்லோரும் சேர்ந்து செய்த வேலை அது. விபத்துக்குப் பிறகு செய்தார்கள். அவர்களுக்கு முன்னைய கணக்குக் கிடைக்காத ஊர்களும் உண்டு. நாம் முன்னாலே செய்யக்கூடிய நிலையிலே இருக்கிறோம்.

இருக்கிறோமா? இங்கேதான் மண் அள்ளும் எந்திரத்தைப் பற்றி முதலிலே எழுதியதற்குத் திரும்பி வருகிறோம். தூசிக் கணக்கைப் படிக்கக் கலையாத மண் வேண்டும். பழைய மாமல்லபுரம் சாலை நெடுகிலும் அது மறைந்துகொண்டே வருகிறது. சிறுசேரியிலே கணினித் தொழிற்பூங்கா வந்தது. நாவலூரிலிருந்து கேளம்பாக்கம் வரையிலே வயலைத் தேடித்தான் பார்க்க வேண்டும். ஏரியைத் தூர் வாருகிறோம். வார வேண்டியதுதான், தண்ணீர் நிற்க வேண்டாமா? ஆனால் வாரும்போது 1963ஆம் ஆண்டு அடுக்கும் சேர்ந்து லாரியிலே ஏறிவிடுகிறது. வேலை கொடுத்த வளர்ச்சியை நாம் பழிக்கவில்லை. அந்த மாடிக் கட்டடங்களிலே காவல் காப்பவனும், சாந்து குழைப்பவளும், கணினி முன் இரவெல்லாம் கண்விழிப்பவனும் நம்மவர்கள். எந்திரம் வருமுன், பத்துக் குழாய் மண்ணை எடுத்து வைத்துவிட்டு வழித்துக்கொள் என்கிறோம். இதனால் எந்த முதலாளியின் முதல் முழுகிவிடும்?

எடுத்து வைத்தால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு இங்கிலாந்திலே ஒரு பண்ணையைக் காட்டுகிறோம். ராதம்ஸ்டெட் என்பது அதன் பெயர். 1843இலே அங்கே கோதுமைக்கு உரச் சோதனை தொடங்கினார்கள். அறுத்த தானியத்தையும் புல்லையும் வெட்டிய மண்ணையும் கொஞ்சம் கொஞ்சமாகப் புட்டியிலே அடைத்து வைத்தார்கள். அடைத்து வைத்த அந்த நாளிலே அணுவைப் பிளப்பதென்பது எவன் கனவிலும் இல்லை. நூறாண்டு கழித்து, குண்டுத் தூசியின் புளூட்டோனியம் எந்த ஆண்டு எவ்வளவு வந்து விழுந்தது என்று கேள்வி எழுந்தபோது, அந்தக் கிடங்கிலிருந்த மாதிரிகள் பதில் சொல்லின. நம்மிடம் வேளாண் பல்கலைக்கழகம் இருக்கிறது. மாவட்டந்தோறும் மண் பரிசோதனை நிலையம் இருக்கிறது. உழவனிடம் மண்ணை வாங்கித் தழை, மணி, சாம்பல் சத்துப் பார்த்துச் சீட்டுக் கொடுக்கிறார்கள். சீட்டுக் கொடுத்தபின் மிச்ச மண்ணைப் புட்டியிலே அடைத்து, ஊர், நாள், ஆழம் எழுதி அலமாரியில் வைக்க எத்தனை செலவாகும்?

‘அணு, மத்தியப் பட்டியலிலே இருக்கிறது, மாநிலம் அதிலே தலையிட முடியாது’ என்று சட்டம் படித்த நண்பர் ஒருவர் நம்மிடம் சொன்னார். உண்மை. ஆனால் அதே அரசியல் சட்டத்திலே நிலம் மாநிலப் பட்டியலிலே இருக்கிறது, வேளாண்மையும் இருக்கிறது. அணு அவர்களுடையது, மண் நம்முடையது. நம் மண்ணை நாம் எடுத்து நம் அலமாரியிலே வைக்க எந்தப் பட்டியலும் தடையல்ல. நம் பல்கலைக்கழகத்துப் பேராசிரியரைக் கொண்டு அளந்து பார்க்கவும் தடையல்ல. டில்லிக் கூடத்தின் எண்ணும் நம் கூடத்தின் எண்ணும் ஒத்துப்போனால் அவர்களுக்கே பெருமை. ஒத்துப்போகாவிட்டால் காரணம் கேட்போம். இரண்டு தராசிலே நிறுத்தால் கடைக்காரன் கோபிக்கலாம்; நேர்மையான கடைக்காரன் கோபிப்பானா?

இன்னொரு கூட்டம் உண்டு. இதைப் பேசினாலே மக்கள் பீதியடைவார்கள் என்பார்கள். மக்களைப் பற்றி அவர்களுக்கு இருக்கும் மதிப்பு அவ்வளவுதான். பீதி பிறப்பது எண்ணிலே அல்ல, எண் இல்லாத இடத்திலே. ‘கல்பாக்கம் பக்கத்து மீன் ஆகாதாம்’ என்று ஒருவன் சந்தையிலே கிளப்பிவிட்டால், அன்றைக்குக் கூடையைத் திருப்பித் தூக்கிக்கொண்டு போகிறவள் மீன்காரி. அவள் கையிலே தமிழிலே அச்சிட்ட ஒரு தாள் இருந்தால், ‘பார் ஐயா, போன மாதம் அளந்தது’ என்று முகத்துக்கு நேரே நீட்டுவாள். இந்தக் கணக்கு அவளுக்குத் தற்காப்பு. அது இல்லாமல் அவளை நிறுத்தியிருப்பவர்கள் பீதியைப் பற்றிப் பேச வேண்டாம்.

ஆகவே மத்திய சர்க்காரிடம் நாம் கேட்பது: 30 கிலோமீட்டர் வட்டத்துக்குள் அளந்த மண், பால், நெல், மீன் கணக்கை, தொடங்கிய நாள் முதல் இன்று வரை, ஊர்வாரியாக, ஆண்டுவாரியாகத் தமிழிலே வெளியிட வேண்டும், சராசரி என்ற போர்வைக்குள் சுருட்டாமல். மாநில அரசிடம் கேட்பது: செங்கற்பட்டு மாவட்டத்திலே ஒரு மண் கிடங்கு வேண்டும், தூர் வாருமுன் ஏரியிலும், கட்டுமான அனுமதி தருமுன் மனையிலும் குழாய் மண் எடுத்து வைப்பதை விதியாக்க வேண்டும், ஒன்றியத்துக்கு இரண்டு மூன்று இடமாவது, பழைய மேய்க்கால் புறம்போக்கிலோ ஏரிக்கரையிலோ சுடுகாட்டு ஓரத்திலோ, எவரும் கைவைக்காத நிலமாகக் கல் நட்டுக் காக்க வேண்டும். ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை அதே இடத்திலே அதே ஆழத்திலே எடுத்து அளக்க வேண்டும்.

இனித் தோழர்களுக்கு. திருப்போரூர், திருக்கழுக்குன்றம் பக்கத்துக் கிளைகளுக்குச் சொல்கிறோம். மே முதல் நாள் கிராம சபை கூடுகிறது. நூலகத்துக்கு வருகிற இளைஞர்களிலே அறிவியல் படித்த இருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஊரிலே 50 ஆண்டாக வெட்டப்படாத, நிரப்பப்படாத நிலம் எது எது என்று வயதானவர்களைக் கேட்டுப் புல எண்ணோடு எழுதுங்கள். எழுபது வயது ஆயாவுக்குத் தெரிந்தது கிராம நிர்வாக அலுவலருக்குத் தெரியாது. அந்தப் பட்டியலைத் தீர்மானத்தோடு இணைத்துப் பதிவேட்டிலே ஏற்றச் செய்யுங்கள். நகலை மாவட்ட ஆட்சியருக்கும், கல்பாக்கத்து ஆய்வுக்கூடத்துக்கும் பதிவுத் தபாலிலே அனுப்பி, ஒப்புகைச் சீட்டைக் கிளைச் செயலாளர் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும். 30 நாளிலே பதில் வராவிட்டால், 2005ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ்ப் பத்து ரூபாய் கட்டி, ‘எங்கள் ஊர் மண்ணை எந்தெந்த ஆண்டு எடுத்தீர்கள், எவ்வளவு கண்டீர்கள்?’ என்று கேளுங்கள். வரும் பதில் எதுவானாலும், இல்லை என்ற பதிலானாலும், நமக்கு அனுப்புங்கள். ஊர்ப் பெயரோடு இதே பக்கத்திலே அச்சிடுவோம்.